பஞ்ச் என்றால் ஐந்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசலிலேயே சின்னக் கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். "ஃப்ரூட் பஞ்ச் சார்" என்றான் கொடுத்த பையன். பக்கத்தில் நின்ற சித்தப்பா உடனே ஆரம்பித்துவிட்டார்: "பஞ்ச்னா என்னன்னு தெரியுமாடா? அஞ்சு! அஞ்சு சாமான் போட்டு நம்ம ஆளுங்க பண்ணினது. வெள்ளைக்காரன் பேரோட சேர்த்துத் தூக்கிட்டுப் போயிட்டான்." அவர் சொன்னதில் ஒரு பாதி சரி, இன்னொரு பாதிதான் வில்லங்கம். எந்தப் பாதி எது என்று வீட்டில் ஆளாளுக்குத் துளைத்ததில், தேடிப் படித்ததைக் கேள்வி பதிலாக எழுதிவிட்டேன்.

முதலில், பஞ்ச் என்றால் என்ன? பழ ஜூஸ்தானே?

இன்றைக்கு நம் ஊர் ஓட்டல்களில் அப்படித்தான். நாலைந்து பழச்சாற்றைக் கலந்து மேலே ஒரு செர்ரிப் பழம் வைத்தால் ஃப்ரூட் பஞ்ச். ஆனால் பிறந்தபோது அது சுத்தமான மது. காட்டமான சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், கூடவே ஜாதிக்காய் மாதிரி ஏதாவது ஒரு வாசனைச் சரக்கு. இவற்றைப் பெரிய கிண்ணத்தில் கலந்து நடுவில் வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் மொண்டு குடிப்பார்கள். ஒருவருக்கு ஒரு கிளாஸ் என்று தனித்தனியாகக் கலக்கும் காக்டெயில் வழக்கம் பிறப்பதற்கு நூறு நூற்றைம்பது வருடம் முன்னாலேயே ஆங்கிலேயர்களின் கூட்டுக் குடிக்கு இதுதான் ராஜா.

'பஞ்ச் என்றால் ஐந்து' என்று முதலில் சொன்னது யார்?

இந்தக் கதைக்கு எல்லாரும் காட்டும் பழைய சாட்சி ஜான் ஃப்ரையர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1672 முதல் சுமார் பத்து வருடம் இந்தியாவிலும் பாரசீகத்திலும் சுற்றியவர், 1698-ல் பயணக் குறிப்புகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் கோவாவுக்குப் பக்கத்து நேரூலில் நல்ல சாராயம் காய்ச்சுகிறார்கள், அதை வைத்து இந்தக் கரையில் உள்ள ஆங்கிலேயர்கள் ஆளைத் தளர்த்திப்போடும் ஒரு பானத்தைச் செய்கிறார்கள், அதற்குப் பெயர் 'பாஞ்ச்', இந்துஸ்தானியில் ஐந்து என்று அர்த்தம், ஐந்து பொருள் சேர்வதால் அந்தப் பெயர் என்று எழுதுகிறார். அதோடு நிறுத்தவில்லை. மருத்துவர் அல்லவா, கிரேக்க வைத்தியத்தில் ஐந்து சரக்கு சேர்ந்த மருந்தை 'டயபென்டே' என்றும் நான்கு சேர்ந்ததை 'டயடெஸ்ஸரான்' என்றும் எண்ணிக்கையால் அழைப்பதுபோலத்தான் இதுவும் என்கிறார்.

அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலானோர் இதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததும் பல கை மாறி வந்த இதே ஃப்ரையர் சரக்குதான் என்பது என் ஊகம்.

கேட்க நம்பும்படியாகத்தானே இருக்கிறது?

ஆமாம், அதை மறுக்க முடியாது. எண்ணிக்கையை வைத்துப் பெயர் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தால் திரிகடுகம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்தால் திரிபலா. அப்புறம் பஞ்சகவ்யம், பஞ்சலோகம், தசமூலம் என்று போய்க்கொண்டே இருக்கும். இந்திய-ஆங்கிலச் சொற்களுக்காக 1886-ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் இதைத்தான் சுட்டுகிறது: வட இந்தியாவில் குதிரைக்குக் கொடுக்கும் ஒரு மருந்துக்கு 'பத்தீஸி' என்று பெயர், 'பத்தீஸ்' என்றால் முப்பத்திரண்டு, அத்தனை சரக்கு அதில் இருப்பதாக நம்பிக்கை, ஆகவே பஞ்ச் விஷயத்திலும் ஓர் இந்தியச் சாயல் தெரிகிறது என்கிறது. அந்த அகராதியை எழுதிய இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். நம் பெயர்வைக்கும் வழக்கம் தெரியாமல் சொன்ன ஆள் இல்லை.

அப்படியானால் வில்லங்கம் எங்கே?

மூன்று இடத்தில்.

பெரியது ஒலி. இன்று ஆங்கிலத்தில் 'பஞ்ச்' என்று அகரத்தோடு சொல்கிறோம், நமக்கு அது 'பஞ்ச' மாதிரியே காதில் விழுகிறது, அதனால்தான் இந்தக் கதை நமக்கு இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் 1630களில் ஆங்கிலேயர்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லில் வரும் ஆங்கில 'u' எழுத்துக்கு அப்போது 'உ' ஒலிதான். 'கப்' என்பதைக் 'குப்' என்பதுபோலச் சொன்ன காலம் அது. வட இங்கிலாந்துக்காரர்கள் இன்றும் 'பஸ்' என்பதைப் 'புஸ்' என்றுதான் சொல்வார்கள், அந்தப் பழைய ஒலியின் மிச்சம். ஆக அந்தக் காலத்து ஆங்கிலேயன் வாயில் இந்தப் பானம் 'புஞ்ச்'. இந்தியில் ஐந்து 'பாஞ்ச்', நெடில். கூட்டுச் சொல்லில் வந்தால் 'பஞ்ச', குறில். நெடிலாகவோ குறிலாகவோ 'அ' இருந்த இடத்தில் 'உ' எப்படி வந்தது? 'பஞ்சாப்' என்பதை ஆங்கிலத்தில் இதே எழுத்தைப் போட்டுத்தானே எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த எழுத்து அகர ஒலிக்கு மாறிய பிறகு ஊன்றிய வழக்கம் அது.

சரி, ஆங்கிலேயன் கண்டபடி எழுதியிருப்பான் என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் நின்று கேட்ட ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் 'புன்ட்ஸ்', 'போன்ஜ்' என்று 'உ', 'ஒ' ஒலியோடுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர்கூட 'பஞ்ச்' என்று எழுதவில்லை. ஃப்ரையர் மட்டும் நெடிலாக எழுதினார், அவருக்குத்தான் அது ஐந்து என்ற எண்ணம் ஏற்கெனவே மனதில் இருந்ததே!

இரண்டாவது, எண்ணிக்கை. பழைய குறிப்புகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். 1638-ல் சூரத்துக்கு வந்த மான்டெல்ஸ்லோ என்ற ஜெர்மானியர் சொல்வது சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை: நான்கு. முகலாய அரசவையில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் சொல்வது சாராயம், எலுமிச்சை, தண்ணீர், கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள்: இதுவும் நான்கு, அதிலும் சர்க்கரையே இல்லை. ஐந்து சொல்பவர் பிரெஞ்சுப் பயணி புல்லாய் லெ கூஸ்தான்: சர்க்கரை, எலுமிச்சை, சாராயம், ஜாதிபத்திரி, ஐந்தாவதாக வறுத்த பிஸ்கட்! தண்ணீரைக் காணோம். ஐந்து பொருளால்தான் பெயர் என்றால் அந்த ஐந்து எவை என்பதிலாவது ஒற்றுமை இருக்க வேண்டாமா?

மூன்றாவது, அதே புல்லாய் லெ கூஸ் 1653-ல் வந்த தன் நூலில் இது 'ஓர் ஆங்கிலச் சொல்' என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறார். இந்தியாவில் ஆங்கிலேயர்கள் குடிக்கும் பானத்துக்கான ஆங்கிலச் சொல். அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர். உள்ளூர்ப் பெயராக அவர் காதில் விழவில்லை.

'பலேபுன்ட்ஸ்' என்று ஒரு பெயர் இருந்ததாமே?

இருந்தது, ரொம்ப வேடிக்கையான விஷயம் இது. மான்டெல்ஸ்லோ எழுதிய பெயர்தான் 'பலேபுன்ட்ஸ்'. புல்லாய் லெ கூஸ் 'பொல்போன்ஜ்' என்கிறார், பெர்னியர் 'பூல்போன்ஜ்' என்கிறார். என்னவோ பாரசீகப் பெயர் போல இருக்கிறதே என்று தோன்றும். ஒன்றுமில்லை, ஆங்கிலேயர்கள் 'பௌல் ஆஃப் பஞ்ச்', அதாவது ஒரு கிண்ணம் பஞ்ச் என்று கேட்டு வாங்கியதை மற்ற நாட்டுக்காரர்கள் ஒரே சொல்லாகக் கேட்டு அப்படியே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் வந்து 'ஒரு டம்ளர் மோர்' என்று கேட்பதைக் காதில் வாங்கிய வெளிநாட்டுக்காரர் பானத்தின் பெயரே 'ஒர்டம்ளமோர்' என்று எழுதிக்கொண்டு போவது போல.

பெர்னியருக்கு இந்தப் பானத்தின்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. வாய்க்கு நன்றாக இருக்கிறது, உடம்புக்குக் கேடு என்கிறார். வங்காளத்தில் ஐரோப்பியர்களின் உடம்பு கெடுவதைப் பற்றிப் பேசும் இடத்தில் எழுதியது.

ஐந்து இல்லையென்றால் வேறு என்ன விளக்கம்?

பீப்பாய். கப்பலில் மது ஏற்றிப் போகும் பெரிய மரப் பீப்பாய் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'பஞ்சன்' என்று பெயர், அந்தக் காலத்து ஒலியில் 'புஞ்சன்'. மாலுமிகள் எதையும் முழுப் பெயரால் சொல்ல மாட்டார்கள், வாலை வெட்டி 'புஞ்ச்' ஆக்கியிருப்பார்கள் என்பது வாதம். ஒலி கச்சிதமாகப் பொருந்துகிறது. பானத்தை முதலில் குடித்தவர்கள் கப்பல்காரர்களும் கம்பெனிக்காரர்களும் என்பதும் பொருந்துகிறது.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. இந்தப் பானத்தைக் கலந்தது கிண்ணத்தில், பீப்பாயில் இல்லை. பெயருக்குக் காரணம் பீப்பாய்தான் என்று அந்தக் காலத்தில் குடித்துப் பார்த்து எழுதிய பயணிகளில் யாரும் சொல்லவில்லை. ஐந்து கட்சிக்காவது ஃப்ரையர் என்ற சாட்சி இருக்கிறார், பீப்பாய்க் கட்சிக்கு அதுவும் இல்லை. வெறும் ஒலிப் பொருத்தத்தை வைத்துக் கல்யாணம் பேசுவது மாதிரி.

இந்தச் சொல் கிடைக்கும் மிகப் பழைய இடம் எது?

இங்கேதான் சித்தப்பா நிமிர்ந்து உட்காரலாம். இதுவரை தெரிந்த மிகப் பழைய சான்று 1632 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதம். ராபர்ட் ஆடம்ஸ் என்ற கம்பெனி ஆள், பேட்டபோலியில் இருந்த தாமஸ் காலி என்ற வணிகருக்கு எழுதியது. எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள், பஞ்ச் குடிப்பதற்கு அளவு வைத்துக்கொள்ளாதீர்கள் என்ற தோரணையில் ஒரு வரி. பேட்டபோலி என்பது இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டணம். சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்கள் 1611-லேயே கடைபோட்ட இடம். மெட்ராஸில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639-ல், இந்தக் கடிதம் அதற்கு ஏழு வருடம் முந்தியது.

கடிதத்தில் பஞ்ச் என்றால் என்ன என்ற விளக்கம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், ஆகவே அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கிறது. கோரமண்டல் கரையில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு துணிக்கணக்கு எழுதிய ஆட்களின் அன்றாடச் சொல்.

இங்கிலாந்துக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. 1658-ல் எட்வர்ட் பிலிப்ஸின் அகராதி 'ஒரு வகை இந்தியப் பானம்' என்று பொருள் சொல்கிறது. 1662 ஜனவரியில் ஜான் ஈவ்லின் என்பவர் கிழக்கிந்தியக் கப்பல் ஒன்றைப் பார்க்கப் போனபோது அங்கே பஞ்ச் கொடுத்து உபசரித்தார்கள் என்று டைரியில் எழுதுகிறார். இரண்டு இடத்திலும் இந்திய வாடை.

அப்போ பானம் நம்முடையதா?

பிறந்த மண் இந்தியா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலந்தவர்கள் ஆங்கிலேயர்கள், அதிலும் அவ்வளவாகச் சந்தேகம் இல்லை. காரணம் ரொம்ப எளிது. அவர்கள் பழகிய பீரும் ஒயினும் ஆறு மாதம் வெப்பக் கடலில் குலுங்கி வந்து சேரும்போது பாதி புளித்துக் கெட்டிருக்கும். இங்கே மலிவாகக் கிடைத்தது சாராயம். அது தொண்டையை அறுக்கும். எலுமிச்சை மலிவு, சர்க்கரை மலிவு, அவர்கள் ஊரில் பொன் விலை விற்ற ஜாதிக்காயும் இங்கே கைக்கு எட்டும் விலை. எல்லாவற்றையும் போட்டுக் கலக்கு, வேறு என்ன செய்வது?

மெட்ராஸில் 1670களின் கம்பெனி விதிகளிலேயே 'பஞ்ச் ஹவுஸ்' என்ற சொல் வந்துவிடுகிறது. சம்பள நாளன்று சிப்பாய்களின் பணத்தைக் கடைக்காரர்கள் நேராகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று விதி போடும் அளவுக்குக் கடன் குடி நடந்திருக்கிறது. பிற்காலத்தில் துறைமுகத்து மாலுமிகள் போகும் மட்டமான சாராயக்கடைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அராக் என்கிறார்களே, அது எந்தச் சாராயம்?

ஒரே சாராயம் இல்லை. அரபியில் 'அரக்' என்றால் வியர்வை. காய்ச்சும்போது சொட்டுச் சொட்டாக வடிவதால் வந்த பெயர், அது காய்ச்சி வடிக்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளைக் காய்ச்சினார்கள், இலங்கையில் தென்னஞ்சாராயம் இன்றும் ஓடுகிறது. டச்சுக்காரர்களின் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், சர்க்கரைப் பாகுக் கழிவும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சியது வேறு ரகம்.

'டாடி' கூட நம் சொல்லா?

கள்ளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இந்தியின் 'தாடி'யிலிருந்து போனது, அதன் மூலம் பனையைக் குறிக்கும் 'தாட்'. பழந்தமிழில் பனைக்குத் தாலம் என்று வருமே, அதோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்தில் ஜலதோஷத்துக்கு விஸ்கி, வெந்நீர், தேன், எலுமிச்சை கலந்து 'ஹாட் டாடி' என்று குடிக்கிறார்களே, அந்தப் பெயர் நம் பனைமரத்திலிருந்து இறங்கிப் போனதுதான். பெயர்ப் பெருமை பேச வேண்டுமானால் பஞ்சை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள், ஆதாரம் உறுதி. சுத்தத் தமிழ்ப் பெயர் வேண்டுமானால் 'முல்லிகடானி' சூப் இருக்கிறது, அது அப்படியே நம் மிளகுத்தண்ணீர்.

பழனி பஞ்சாமிர்தத்துக்கும் பஞ்சுக்கும் ஏதாவது உறவு?

ஐந்து கதை உண்மையானால் சொல் அளவில் உறவு உண்டு, பஞ்சாயத்து, பஞ்சாங்கம், பஞ்சாப் எல்லாமே பங்காளிகள். அது மட்டுமில்லை, வடமொழி 'பஞ்ச', கிரேக்க 'பென்டே', ஆங்கில 'ஃபைவ்' மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, ஆக ஆங்கிலேயன் தன் சொந்தச் சித்தப்பா பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்திருக்கிறான் என்று ஆகும். கதை பொய்யானால் ஒரு உறவும் இல்லை. பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை என்று ஐந்து முடிந்த பிறகு ஏலக்காயும் கற்கண்டும் விழுகிறது, யாரும் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடுவதில்லை. ஆகவே மேலே நான் சொன்ன இரண்டாவது வில்லங்கம் மட்டும் தனியாக நின்று ஐந்து கதையைச் சாய்த்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சினிமா 'பஞ்ச் டயலாக்'?

அது குத்து. வேறு சொல். துளை போடும் 'பஞ்ச்', டயர் 'பஞ்சர்' எல்லாம் அந்தப் பக்கத்துச் சொந்தம், லத்தீனில் குத்துவது என்ற பொருளில் தொடங்கியவை.

1841-ல் லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' நகைச்சுவைப் பத்திரிகையின் பெயர் பஞ்ச் என்ற பொம்மலாட்டக் கோமாளியின் பெயர். ஆனால் அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. அதன் முதல் ஆசிரியர்களில் ஒருவர் பெயர் மார்க் லெமன். லெமன் இல்லாமல் பஞ்ச் ஏது என்பார்களாம்.

மற்ற நாடுகளில் இந்தப் பெயர் என்ன ஆனது?

ஸ்பானிஷில் 'போன்சே', ஜெர்மனில் 'புன்ஷ்'. 1731-ல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பத்தேவியா அராக்கைக் கொண்டுபோய் இறக்கின, அங்கே 'புன்ஷ்' தேசியச் சரக்காகவே ஆகிவிட்டது. வியாழக்கிழமை பட்டாணி சூப்போடு அதைச் சூடாகக் குடிப்பது அவர்கள் வழக்கம்.

எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. டச்சுக்காரர்கள் பஞ்சைப் 'போன்ஸ்' என்பார்கள். அந்தப் பெயர் ஜப்பானில் எலுமிச்சை ஜாதிப் பழச்சாற்றுக்கு ஒட்டிக்கொண்டது. சாராயம் கழன்றுவிட்டது. கடைசி எழுத்துக்கு வினிகரைக் குறிக்கும் 'ஸு' என்ற ஜப்பானிய எழுத்தைப் போட்டு 'பொன்ஸு' ஆக்கிவிட்டார்கள். இன்று ஜப்பானிய ஓட்டலில் மீனுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் அந்தப் புளிப்புச் சாஸ்தான் அது. குடிக்கிற சரக்கு தொட்டுக்கொள்கிற சரக்காகிவிட்டது!

கடைசியாக உங்கள் தீர்ப்பு என்ன?

பானம் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி, பெயர் எங்கே பிறந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதால்தான் குழப்பம். முதல் கேள்விக்கு இந்தியா என்று தாராளமாகச் சொல்லலாம். இரண்டாவதற்கு ஐந்து கட்சி, பீப்பாய்க் கட்சி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் ஒரு மயிரிழை பீப்பாய்ப் பக்கம் சாய்வேன், அந்த 'உ' ஒலியை என்னால் தாண்ட முடியவில்லை. மாலுமிகள் 'புஞ்ச்' என்றதை, பிறகு வந்த படித்த டாக்டர் ஒருவர் 'ஓ, ஐந்தா!' என்று தனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் போட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார் என்று நினைக்கிறேன். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் செய்து பார்க்கலாமா, சாராயம் இல்லாமல்?

தாராளமாக. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பாட்டே உண்டு: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, காட்டம் மூன்று, தண்ணீர் நான்கு. (தண்ணி என்றால் இங்கே நிஜத் தண்ணீர்.) காட்டத்துக்குப் பதிலாக ஆறவைத்த திடமான தேயிலை டிகாக்‌ஷனை ஊற்றுங்கள், கொஞ்சம் துவர்ப்பு கிடைக்கும். இனிப்புக்குப் பனங்கற்கண்டுப் பாகு. ஒரு கப் எலுமிச்சைச் சாறுக்கு இரண்டு கப் பாகு கொஞ்சம் திகட்டும், ஒன்றரை போதும். ஜாதிக்காயைக் கடைசியில் மேலே துருவுங்கள், ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மான்டெல்ஸ்லோ சொன்னபடி பன்னீரும் விட்டுப் பார்த்தேன், அரை ஸ்பூன் கூடிப்போய் வீடு முழுக்கக் கல்யாண மண்டப வாசல் மாதிரி மணத்தது, ஆகவே சொட்டுக் கணக்கில் விடுங்கள்.